ஈர மணலில் வைத்த மருந்து

1979 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை. கொடைக்கானலில் அன்று மேகமில்லை.

அப்பா இருட்டோடு எழுந்து ரொட்டி அடுப்புக்குப் போயிருந்தார். வெளிச்சம் வந்ததும் அம்மா சன்னலைத் திறந்து, வெளியே பலகையில் இருந்த சிறிய மண்பானையை மூடியோடு தூக்கி வந்து சுவரோரம் வைத்தார். நான் பழைய எனாமல் குவளையில் சிறுநீர் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். சோதனைக் குழாயில் நீலத் திரவம் ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு விட்டு, துணிக்கு மாட்டும் மரக் கிளிப்பால் குழாயைப் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் அம்மா காய்ச்சினார். நீலம் பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று, நிற்காமல் செங்கல் நிறத்துக்குப் போயிற்று; சர்க்கரை மிகவும் கூடினால் வரும் நிறம். எட்டு மணிக்கு எனக்கு இன்சுலின் ஊசி. அம்மா கண்ணை மூடிக்கொண்டதால் இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. பிறகு கேப்பைக் கஞ்சி, சர்க்கரை போடாத பால். பள்ளிக்கூடம் போகத் தெம்பில்லாமல் கம்பளிக்குள் படுத்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் எல்லா நாளும் இப்படித்தான் தொடங்கும். ஊசி போடும் கை மட்டும் மாறியிருந்தது. போட வேண்டியவள் அக்கா. அவள் வீட்டில் இல்லை.

நம் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கும்போது நீங்கள் ஒருவரையொருவர் நிறுத்தி, "வெறும் வயித்துல எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்வது என் காதில் விழுகிறது. பள்ளியில் கணக்குத் தாள் கொடுத்த அன்று கேட்டுக்கொண்ட அதே குரல், அதே கூச்சம். உங்களுக்குச் சர்க்கரை ஐம்பது வயதில் வந்தது. எனக்குப் பத்து வயதில் வந்தது. இந்த ஒரு வகுப்பில் நான் உங்கள் எல்லோருக்கும் சீனியர்.

பெயர் ஒன்றானாலும் நோய் வேறு. என் உடம்பு தன் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் இடத்தை யாரோ அந்நியர் என்று எண்ணித் தானே அழித்துவிட்டது என்று இப்போதைய மருத்துவர்கள் விளக்குகிறார்கள். ஏன் அப்படி எண்ணியது என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள். அந்த நாளில் எங்கள் தெருவில் எல்லோரிடமும் விளக்கம் இருந்தது. "ரொட்டி மாஸ்டர் மகதான? தின்னு தின்னே வரவழைச்சுக்கிட்டா."

அப்பா ஒரு பேக்கரியில் ரொட்டி மாஸ்டர். மிஷன் பங்களாக்களுக்கும் பள்ளி விடுதிகளுக்கும் அங்கிருந்துதான் ரொட்டி போகும். ஏரிக்குக் கீழே இறங்கும் பள்ளத்தில், பேக்கரியின் பின்சுவரை ஒட்டிக் கட்டிய இரண்டு அறைகள் எங்கள் வீடு. ரொட்டி அடுப்பின் சுவர்தான் எங்கள் உள்ளறையின் சுவர். அது ஒரு நாளும் ஆறியதில்லை. தயிர் தோய வேண்டும் என்றாலும், பள்ளிச் சீருடை காய வேண்டும் என்றாலும் அந்தச் சுவர்தான். அக்காவும் நானும் பாயைச் சுவரை ஒட்டியே போட்டு, முதுகை அதில் வைத்துத் தூங்குவோம். ஊரே கம்பளி போர்த்தி நடுங்கும் மாதங்களில் எங்களுக்கு முதுகு வேர்க்கும். யூகலிப்டஸ் விறகின் புகையும் வேகும் மாவின் வாசனையும் சேர்ந்து எங்கள் தலைமுடியில் ஏறியிருக்கும். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரப் போட்டி நடந்தது அதற்காகத்தான். இதைப் படிப்பவர்களில் இரண்டு பேருக்காவது அது நினைவிருக்கும்.

நோய் தெரிந்தது 1978 ஏப்ரலில். தண்ணீர் குடித்துத் தீரவில்லை. குடத்தில் வாய் வைத்துக் குடித்ததற்கு அம்மாவிடம் அடி வாங்கினேன். பாயை நனைத்ததற்கு இன்னொரு அடி. கொல்லையில் நான் ஒதுங்கும் இடத்தில் எறும்பு சாரை சாரையாக வந்ததை முதலில் பார்த்தவள் அக்கா. "அம்மா, இவளுக்கு என்னமோ சரியில்ல. திட்டாதீங்க, கூட்டிட்டுப் போங்க" என்றாள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்து விழித்தபோது, ஏப்ரல் முடிந்து மே பிறந்திருந்தது.

அந்த மருத்துவர் நல்லவர். எங்களிடம் பொறுமையாகப் பேசினார். வாழ்நாள் முழுக்க ஊசி என்று சொன்னதும் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மருத்துவர் அதைப் பார்க்காததுபோல, மருந்தை எப்படிக் காப்பது என்று சொல்ல ஆரம்பித்தார்.

"இது சூடு தாங்காதும்மா. வீட்ல ஃப்ரிஜ் இருக்கா?"

"இல்லைங்க டாக்டர்."

"அப்ப ஒரு சின்னப் பானை. அதுல ஆத்து மணல் போடுங்க. தண்ணி ஊத்தி, ஈரம் காயவே விடாதீங்க. பாட்டிலை நடுவுல புதைச்சு மூடி வைங்க. ஐஸ் மாதிரி இருக்கும்."

"எங்க வீட்டுக்குள்ள அடுப்புச் சுவரு கொதிக்குமேங்க."

"அப்ப வெளியில வைங்க. காத்துப் படுற எடமா பாத்து."

அவ்வளவுதான் அந்தப் பேச்சு. அம்மா அதைத் திருவசனம்போல மனப்பாடம் செய்துகொண்டார். அப்பா சன்னலுக்கு வெளியே ஒரு பலகை அடித்தார். மணலை அம்மா ஏழு தண்ணீரில் கழுவினார். தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரு டம்ளர் தண்ணீரைப் பானையில் சுற்றி ஊற்றுவார். குடும்ப ஜெபம் தவறிய நாள் உண்டு. அந்தத் தண்ணீர் தவறிய நாள் இல்லை.

ஊசி போடக் கற்றுக்கொடுக்க மருத்துவமனை நர்ஸ் ஒரு கமலா ஆரஞ்சும் சிரிஞ்சும் கொண்டுவந்தார். அம்மா ஆரஞ்சைக் குத்தவே கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்ற அக்கா, "குடுங்கம்மா" என்று வாங்கிக் குத்தினாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளி முடித்துவிட்டு பேக்கரியில் ரொட்டிக்கு மெழுகுத்தாள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பழத்துக்கு வலிக்கவே இல்ல பாருங்க" என்று நர்ஸ் சிரித்தார். "நீ ட்ரெயினிங்குக்கு வாயேம்மா."

அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கான விண்ணப்பம் வாங்கி, மடிக்காமல் தன் பைபிளுக்குள் வைத்திருந்தாள். அடுத்த ஜூனில் சேருவதாக இருந்தது.

மே முதல் டிசம்பர் வரை அக்காவின் கையில் இருந்தேன். நான் சொல்ல வந்தது அந்த எட்டு மாதத்தைத்தான்.

காலையில் அவள் முதலில் சிரிஞ்சை வேகவைப்பாள். கண்ணாடி சிரிஞ்ச், உடையாமல் இருக்கச் சட்டியின் அடியில் ஒரு துணி. ஊசியின் முனை மழுங்கினால் அப்பாவின் கத்தி தீட்டும் கல்லில் எச்சில் தொடாமல் தண்ணீர் தொட்டுத் தீட்டுவாள். பிறகு முனையைப் பஞ்சின்மேல் இழுப்பாள். ஓர் இழை மாட்டினாலும் மறுபடி கல்லுக்கு. "பஞ்சுக்கு வலிச்சா உனக்கும் வலிக்கும்" என்பாள். பானையின் மூடியைத் திறந்து மணலிலிருந்து பாட்டிலை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுவாள். அந்த மருந்து அடியில் தங்கும். குலுக்கினால் நுரைத்துவிடும், அளவு தவறும். உருட்டினால் பால்போலக் கலங்கி எழும். அவள் உருட்டியதில் மருந்தின் குளிரும் போய்விடும். அந்தச் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. காய்ந்த உள்ளங்கையில் கண்ணாடி உருளும் சத்தம், அதோடு அவள் வளையல் இரண்டு.

"மூணு எண்ணுறேன். மூணு சொன்னதும் குத்துவேன். சரியா?"

"சரிக்கா."

"ஒண்ணு. ரெண்டு."

முடிந்திருக்கும். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள்.

"மூணு எங்க?"

"அது நாளைக்கு."

அடுத்த நாளும் இரண்டோடு நின்றுவிடும். நான் ஏமாந்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தினமும் கேட்டேன்.

சோதனைக் குழாயின் நிறம் எங்கள் வீட்டின் வானிலை. நீலம் நின்றால் அக்கா குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஏரி தெளிஞ்சிருக்கு!" என்று கத்துவாள். பச்சை என்றால் பாசி பிடித்திருக்கிறது. மஞ்சள் என்றால் ஓடிப்போய் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அப்பா அடுப்படியிலிருந்தே சுவர் வழியாகக் கேட்பார்.

"என்ன பதம் வருது?"

"பச்சைப்பா!"

"வேகல. நல்லது."

ரொட்டி பொன்னிறமாக வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டவர், என் விஷயத்தில் மட்டும் எதுவும் பொன்னிறமாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

டிசம்பரில் பேக்கரிக்குக் கிறிஸ்துமஸ் கேக் வேலை வந்தது. இரவு பகலாக அடுப்பு எரிந்தது. கேக்கைத் தட்டிலிருந்து எடுத்து நான்கு ஓரமும் நறுக்கிச் சதுரமாக்குவார்கள். கருகிய ஓரங்கள் ஒரு கூடையில் சேரும். ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கூடைதான் கிறிஸ்துமஸ். நான் அந்தப் பக்கம் போகக்கூடாது. போகவும் இல்லை. சுவரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம், ஆராதனை முடிந்து வந்து, அக்கா என்னை விறகு அடுக்கின் பின்னால் கூட்டிப்போனாள். தாவணி நுனியில் முடிந்து வைத்திருந்தாள். ஓர் ஓரம், ஒரு விரற்கடை நீளம். திராட்சை ஒன்று பாதி வெட்டுப்பட்டு அதில் ஒட்டியிருந்தது.

"ஆண்டவர் பொறந்த நாளுக்கு. மெதுவாத் தின்னு. தின்னுட்டு ஏரியச் சுத்தி ஓடணும், ஆமா."

நாங்கள் இருவரும் ஓடினோம். அவள் பட்டுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியதைப் பார்த்து, படகுத் துறையில் நின்ற சுற்றுலாக்காரர்கள் சிரித்தார்கள். சாயங்காலம் சோதித்தபோது பச்சை. அக்கா ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

அதற்கு மறுநாளே மேகம் விலகி, வானம் துடைத்து வைத்ததுபோல ஆனது. ஏரிக்கரைப் புல் காலையில் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது. அந்த வாரத்தில்தான் குழாய் சிவக்கத் தொடங்கியது.

இரண்டாம் நாள் அக்கா மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினாள். மருத்துவர் அதற்கு அனுமதி கொடுத்திருந்தார். ஐந்தாம் நாளும் செங்கல். அம்மா ஸ்பிரிட் விளக்கை ஊதி அணைத்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"என்னத்தடி குடுத்த அவளுக்கு?"

அக்கா பொய் சொல்லப் பழகாதவள். "கிறிஸ்மஸ் அன்னிக்கு ஒரு ஓரம் குடுத்தேம்மா. ஒரு விரக்கட. வேற ஒண்ணும் இல்ல."

அப்பா கையிலிருந்த மாவைத் தட்டியபடி வாசலில் வந்து நின்றார். "ஒரு விரக்கடைக்கா அஞ்சு நாளா செவக்குது?"

"அன்னிக்குச் சாயங்காலம் பச்சைதாம்ப்பா. மருந்தப் பாருங்க. கண்ணாடியில ரவ மாதிரி ஒட்டிக்கெடக்கு. முன்னெல்லாம் பால் மாதிரி கலங்கும்."

அப்பா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மாவின் பதத்தைத் தொட்டே சொல்கிறவர், கண்ணாடிக்குள் இருப்பதைக் கண்டு தயங்கியிருக்க வேண்டும். தயங்கவும் செய்தார். பிறகு, அவர் நியாயமானவர் என்பதால், சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். பானையில் திறக்காத பாட்டில் இன்னொன்று இருந்தது.

"அந்தப் புதுப் பாட்டிலத் தொற. ரெண்டு நாள் பாப்போம்."

இரண்டு நாளும் செங்கல்.

"பாட்டிலும் புதுசு. இப்ப என்ன சொல்லப் போற?"

"இதுலயும் ரவ ரவயா இருக்குப்பா."

"கம்பெனிக்காரன் தப்பு, மருந்துக்கடைக்காரன் தப்பு. நீ ஒருத்தி மட்டும் சரி."

நான், "அக்கா எனக்கு ஒண்ணுமே தரலப்பா" என்று சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். இனிப்புக்கு ஏங்கும் பிள்ளை, இனிப்பு கொடுக்கிறவளைக் காட்டிக்கொடுக்குமா என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவர்கள் இடத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஐந்து நாள் அல்ல, ஐம்பது வருடம் யோசித்தாலும் ஒரு பக்கம் கேக் வேகும் வீட்டில் அப்படித்தான் தோன்றும்.

ஜனவரி 2ஆம் தேதி அக்காவை அய்யம்பாளையத்துக்கு, அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தைக்கு இடுப்பு வலி, புளி அடிக்க ஆள் வேண்டும் என்று வெளியில் சொன்னார்கள். என்னைச் சாகாமல் காப்பாற்ற அதுதான் வழி என்று உள்ளே நினைத்தார்கள். அன்று காலை அக்கா ஊசிகள் எல்லாவற்றையும் தீட்டி, பஞ்சில் இழுத்துப் பார்த்து, சுற்றி வைத்தாள். அம்மாவிடம், "கண்ண மூடிட்டுக் குத்தாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கடைசியாக அவளே ஊசி போட்டாள்.

"ஒண்ணு. ரெண்டு."

"மூணு எங்க?"

அவள் பஞ்சை எடுக்கவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தாள். "வந்து சொல்றேன்."

அதற்குப் பிறகும் குழாய் நிறம் மாறவில்லை. அம்மா என் தலையணை உறையைக் கழற்றி உதறினார். பாவாடைப் பையைத் துழாவினார். அப்பா பேக்கரிப் பக்கக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். தூக்கத்தில் நான் சப்புக்கொட்டினால்கூட அம்மா எழுந்து என் வாயை முகர்ந்தார். என் வாயிலிருந்து ஒரு வாசனை வரத்தான் செய்தது. அழுகப்போகும் பேரிக்காயின் வாசனை. எங்கோ ஒளித்து வைத்துப் பேரிக்காய் தின்கிறேன் என்று அம்மா பரணெல்லாம் தேடினார். உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும்போது வரும் வாசனை அது என்பதை அப்போது யார் அறிவார்கள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சாயங்காலம் காய்ச்சியதும் செங்கல். நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். விளக்கு வைத்த பிறகு அம்மா வழக்கம்போல் ஒரு டம்ளர் தண்ணீரைப் பானையில் ஊற்றி, சன்னலைச் சாத்திவிட்டு வந்தார். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டார்.

"காலையில வெள்ளனே மொத பஸ்ஸுல மதுரைக்குப் போயிருவோம். சோலி கெடந்தா கெடக்கு."

அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அவ போயி ஒரு வாரமாச்சு. கதவையும் பூட்டியாச்சு. இப்ப யாருங்க குடுக்குறா?"

அப்பா கையைத் தட்டினார். மாவு இல்லாத கையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

காலையில் வெயில் வருமுன் கிளம்ப வேண்டியிருந்தது. பாட்டில்களைப் பஞ்சு வைத்த டிபன் டப்பாவில் எடுத்துப்போக வேண்டும். எப்போதும் பானையைத் தூக்கி வந்து, மருந்தின் கடுங்குளிர் கொஞ்சம் விடட்டும் என்று அடுப்புச் சுவரோரம் வைத்துவிட்டு, எட்டு மணிக்குத்தான் மூடியைத் திறப்போம். அன்று அம்மா பானை உள்ளே வந்த உடனே திறந்தார். மணலுக்குள் கரண்டி இறங்கவில்லை. கல்லில் முட்டியதுபோல் சத்தம் வந்தது. அப்பா மாவு சுரண்டும் தகட்டை எடுத்து வந்து ஓரத்தைக் கிண்ட, அம்மா பாட்டிலைப் பிடுங்கி எடுத்தார். பாட்டிலுக்குள் மருந்து மெழுகுபோல் வெள்ளையாக நின்றது. கவிழ்த்தால் நகரவில்லை. இன்னொரு பாட்டிலும் அப்படியே.

"உறஞ்சு கெடக்கு" என்றார் அப்பா. அடுப்புச் சுவரைத் தொட்டுப் பார்த்து, "இத்தன நாளும் வெயிலு வந்து, உருகுன பெறகுதான தொறந்தோம்" என்றார்.

சன்னலுக்கு வெளியே டார்ச் அடித்துப் பார்த்தார். பள்ளம் முழுக்க வெள்ளை.

மதுரையில் அந்த மருத்துவர் இரண்டு பாட்டிலையும் மேசைமேல் வைத்துப் பார்த்தார். பஸ்ஸில் உருகி, உள்ளே கட்டி கட்டியாக மிதந்தது. "உறைஞ்சா இது செத்துப்போகும்மா. பானையைப் பனியிலயா வச்சீங்க?"

"நீங்கதான டாக்டர் ஈரமாக்கி வெளிய வைக்கச் சொன்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது மதுரைக்குச் சொன்னது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தன்னிடமே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது. அவர் வாழ்நாளில் உறைபனி பார்த்திருக்கமாட்டார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. சூடு கூடாது என்று எல்லோருக்கும் சொன்னவருக்கு, குளிரும் கூடாது என்று ஒருவருக்காவது சொல்ல வேண்டியிருக்கும் என்று எப்படித் தெரியும்?

என்னை வார்டில் சேர்த்தார்கள். அப்பா அன்றே பஸ் ஏறி, வத்தலக்குண்டில் மாறி, அய்யம்பாளையம் போய் அக்காவை அழைத்து வந்தார். அவளிடம் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வார்டுக்குள் வந்தபோது அக்காவின் விரல்கள் புளியால் கறுத்திருந்தன. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினாள். ஊசி நேரம் வந்தது. நர்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா தட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். நான் தொடையை நீட்டினேன்.

அக்கா எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். "நர்ஸம்மா போடட்டும்."

நர்ஸ் மூன்று எண்ணினார். மூன்றில்தான் குத்தினார்.

அக்கா கோபக்காரி இல்லை. அப்பாவிடம் அதற்குப் பிறகும் அன்பாகத்தான் இருந்தாள். கடைசிக் காலத்தில் அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள்தான். ஆனால் கொடைக்கானலில் வசிக்கத் திரும்பவில்லை. அத்தை வீட்டிலேயே தங்கி, வத்தலக்குண்டில் டைப்ரைட்டிங் படித்தாள். ஓர் அலுவலகத்தில் வேலை, திண்டுக்கல்லில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். நர்ஸ் விண்ணப்பத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அவள் விருந்தாளியாக வந்தாள். கேக் ஓரம்கூடத் தின்னமாட்டாள். காலையில் சிரிஞ்சு வேகும் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய்விடுவாள். அம்மா கண்ணைத் திறந்துகொண்டே குத்தப் பழகினார். பதின்மூன்று வயதில் நானே போட்டுக்கொள்ளக் கற்றேன். எனக்கு நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன். சரிவரவில்லை.

பேக்கரி இடிந்து இப்போது அங்கே வண்டி நிறுத்துகிறார்கள். தீட்டும் கல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கண்ணாடி சிரிஞ்சு மூன்று முறை வீடு மாறியதில் எங்கோ உடைந்தது. எனாமல் குவளையை அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருந்தார். பானை எப்படிப் போனது என்று மட்டும் தெரியும். மதுரையிலிருந்து திரும்பிய அன்று அப்பா அதைக் கொண்டுபோய்ச் சரிவில் போட்டு உடைத்தார்.

இப்போது என் இடுப்பில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பம்பு இருக்கிறது. நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக மருந்தைத் தானே விடுகிறது. கையின் மேற்பகுதியில் நாணயம் அளவில் ஒரு சென்சார். கைபேசியைத் திறந்தால் எண் வருகிறது; ஏறுகிறதா இறங்குகிறதா என்று பக்கத்தில் ஓர் அம்பும் வருகிறது. குவளை இல்லை, விளக்கு இல்லை, நிறம் இல்லை. இரவில் அளவு இறங்கினால் அதுவே கூவி எழுப்புகிறது. குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இதெல்லாம் இல்லாத காலத்தில் என்னைப்போல் தொடங்கிய பலர் இன்று இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டில் வேறு ஒருவரின் கைக்கு வேலை எதுவும் இல்லை.

பம்பு பொருத்திய வருடம் அக்கா என்னைப் பார்க்க வந்தாள். அவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மூன்று நாளைக்கு ஒரு முறை பம்பில் மருந்து நிரப்ப வேண்டும். நான் மேசையில் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஃப்ரிஜிலிருந்து எடுத்த பாட்டில் அவள் பக்கம் இருந்தது. பேச்சு அவளுடைய பேரனைப் பற்றி ஓடியது. அவன் பள்ளியில் செய்த ஏதோ குறும்பைச் சொல்லிக்கொண்டே அக்கா பாட்டிலை எடுத்தாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்தாள். உருட்டினாள்.

இந்த மருந்து தண்ணீர்போலத் தெளிவானது. உருட்ட வேண்டியதில்லை. நான் அதைச் சொல்லவில்லை. பேரன் கதை முடியும்வரை அவள் உருட்டினாள். பிறகு கையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், என்னிடம் நீட்டினாள்.

"வலிக்குமா இது?"

"வலிக்காதுக்கா."

"எண்ண வேண்டாமா?"

"வேண்டாம்."

"ம்" என்றாள். அந்த மூன்று அவளிடமே இருந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்பு அக்கா போய்விட்டாள்.

எதையும் விடாமல் எழுதுவது என் பழக்கம். இன்று எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தபோது ஒன்றைத் தாண்டி வந்திருப்பது தெரிந்தது. தெரியாமல் தாண்டவில்லை என்றும் நினைக்கிறேன்.

1979 ஜனவரி 10, புதன்கிழமை. அம்மா மணலிலிருந்து அந்தப் பாட்டிலைப் பிடுங்கினார் என்று எழுதினேன். அப்பா, "உறஞ்சு கெடக்கு" என்றார் என்று எழுதினேன். அவர் அதைச் சொல்வதற்கு முன்பு வேறொன்று நடந்தது. அம்மா பாட்டிலை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஒரு முறை கவிழ்த்துப் பார்த்தார். உடனே உள்ளறைப் பக்கம் திரும்பி, தினமும் கூப்பிடும் அதே சத்தத்தில் கூப்பிட்டார்.

"பெரியவளே! வெரசா வந்து இதப் பாருடி!"

அடுப்புச் சுவரோரம் அக்காவின் பாய் சுருட்டிச் சாத்தி வைத்திருந்தது.